அமெரிக்க வட்டார வேறுபாடுகளை (1800–1833) உயர்நிலை வகுப்பில் நடத்த முழுமையான வழிகாட்டி

இந்தப் பாடத்தை முதல்முறை எடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் நாளே போர்டில் மூன்று கட்டம் போட்டு, வடகிழக்கு என்றால் ஆலை, தெற்கு என்றால் பருத்தி, மேற்கு என்றால் கோதுமை என்று நிரப்பிவிடுகிறார்கள். மாணவர்களும் அழகாக நகலெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 1816இல் சுங்கவரியை ஆதரித்துப் பேசிய தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், 1828இல் அதே சுங்கவரிக்கு எதிராக எழுதியது ஏன் என்று கேட்டால் வகுப்பு மொத்தமும் விழிக்கிறது. கட்டம் போட்டுப் படித்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறோம். முதலில் நிலமும் ஆறும், பிறகு மக்கள், பிறகு சரக்கு, பிறகு பேரம், கடைசியில்தான் அட்டவணை. 45 முதல் 50 நிமிடம் கொண்ட ஆறு பாடவேளை தேவை.

1. வகுப்புக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மாணவருக்கு ஒன்று வீதம் ஏ3 தாளில் 1821ஆம் ஆண்டு எல்லைகளோடு ஒரு வெற்று வரைபடம். இன்றைய 50 மாநில வரைபடத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் டெக்சாஸ் அமெரிக்காவுக்குள் இருக்கும். 1821இல் அது மெக்சிகோவுடையது. தவறான எல்லை ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், ஆறாம் பாடவேளையில் மிசூரி விவகாரம் வரும்போது எல்லாவற்றையும் மறுபடி விளக்க வேண்டியிருக்கும்.

நாலு நிறப் பென்சில், ஒரு முழம் நூல், 1820 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஆறு மாநிலங்களின் எண்கள், 24 மாநில அட்டைகள். கூடவே மூன்று சிறு மூல ஆவணப் பகுதிகள், ஒவ்வொன்றும் 150 சொல்லுக்கு மிகாமல்: மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்துத் துணி ஆலைப் பெண்களின் எழுத்து ஒன்று, மேரிலாந்தில் பிறந்து சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தெற்கே விற்கப்பட்ட சார்லஸ் பாலின் தன்வரலாற்றிலிருந்து ஒன்று, 1828இல் செரோக்கி பழங்குடியினர் நியூ எக்கோட்டாவில் தொடங்கிய ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழிலிருந்து ஒன்று.

மாணவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு இடம், கீழவையில் மக்கள்தொகைப்படி இடம் என்பது ஒன்று. கீழவை இடங்களைக் கணக்கிடும்போது அடிமைப்படுத்தப்பட்டவர்களில் ஐந்துக்கு மூன்று பேரைச் சேர்த்தார்கள் என்பது இன்னொன்று. முதல் பத்து நிமிடத்தில் இவற்றைச் சோதித்துவிடுங்கள். இது தெரியாமல் ஆறாம் பாடவேளைக்குப் போனால் பாடம் நகராது.

2. முதல் பாடவேளை: மலை, ஆறு, கூலி

மாநிலப் பெயர்களைத் தொடாதீர்கள். அப்பலாச்சியன் மலைத்தொடர், ஒஹையோ ஆறு, மிசிசிப்பி ஆறு, ஹட்சன் ஆறு, பேரேரிகள் ஆகியவற்றை மட்டும் வரையச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: சின்சினாட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் விவசாயி தன் மாவுப் பீப்பாய்களை எங்கே கொண்டுபோய் விற்பார்?

பெரும்பாலோர் பிலடெல்பியா என்பார்கள். அந்தத் தவறான பதில் நமக்கு வேண்டும். வரைபடத்தில் அது கிட்டத்தட்ட 500 மைல். நியூ ஆர்லியன்ஸுக்கு ஆற்றின் வளைவுகளோடு நூலை வைத்து அளந்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வரும். இப்போது 1816இல் செனட் குழு ஒன்று தந்த கணக்கைப் போர்டில் எழுதுங்கள்: ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு டன் சரக்கைக் கொண்டுவர ஆகும் சுமார் 9 டாலரில், அமெரிக்கத் தரைவழியில் 30 மைல்தான் கொண்டுபோக முடியும்.

கணக்கை அவர்களே போடட்டும். 500 மைலுக்கு டன்னுக்கு 150 டாலர். ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு; டன்னுக்குச் சுமார் பத்துப் பீப்பாய். ஆக, வண்டிக் கூலியே பீப்பாய்க்கு 15 டாலர். மாவின் விலையை அது முழுசாக விழுங்கிவிடும். ஆகவே மாவு ஆற்றோடு தெற்கே போனது. மலைக்கு அப்பால் இருந்தவர்கள் சோளத்தைச் சாராயமாகக் காய்ச்சியதும், பன்றிகளுக்குப் போட்டு அவற்றை நடத்திக் கூட்டிப்போனதும் இந்தக் கணக்கால்தான்.

இங்கேயே நின்று ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: தொடக்கத்தில் மேற்கின் சந்தை தெற்குதான். நான்காம் பாடவேளையில் எரி கால்வாய் வரும்போது என்ன மாறியது என்று மாணவர்களுக்குத் தெரிய வேண்டுமானால், மாறுவதற்கு முன் இருந்தது மனதில் இருக்க வேண்டும்.

3. இரண்டாம் பாடவேளை: எண்களுக்குள் இருக்கும் மனிதர்கள்

1820 கணக்கெடுப்பின் எண்களை இப்படிக் கொடுங்கள் (மொத்த மக்கள், அவர்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள்):

மாசசூசெட்ஸ்: சுமார் 5.23 லட்சம், எவருமில்லை
நியூயார்க்: சுமார் 13.7 லட்சம், சுமார் 10,000
ஒஹையோ: சுமார் 5.8 லட்சம், எவருமில்லை
கென்டக்கி: சுமார் 5.64 லட்சம், சுமார் 1.27 லட்சம்
தென் கரோலினா: சுமார் 5.03 லட்சம், சுமார் 2.58 லட்சம்
மிசிசிப்பி: சுமார் 75,000, சுமார் 33,000

சதவீதத்தை மாணவர்கள் கணக்கிட்டு வரைபடத்தில் நிறம் தீட்ட வேண்டும். தென் கரோலினாவில் பாதிக்கு மேல். கென்டக்கியில் ஐந்தில் ஒருவருக்கும் அதிகம். ஒஹையோவும் கென்டக்கியும் ஒரே ஆற்றின் இரு கரைகள். ‘மேற்கு’ என்று ஒரே நிறம் தீட்ட வந்த கை இங்கே தயங்கும். 1787இன் வடமேற்குச் சட்டம் ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடை செய்திருந்தது என்பதை அந்தத் தயக்கத்துக்குப் பிறகு சொல்லுங்கள். கேள்வி எழுந்த பிறகு வரும் பதில்தான் தங்கும்.

நியூயார்க்கின் பத்தாயிரம் பேரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வடக்கில் அடிமைமுறையே இல்லை என்பது மாணவர்களிடம் மிகப் பரவலாக இருக்கும் பிழை. நியூயார்க் 1799இல் படிப்படியாக விடுவிக்கும் சட்டம் போட்டது. முழு விடுதலை 1827 ஜூலை 4 அன்றுதான்.

அடுத்த பிழை பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தைப் பற்றியது. 1793இல் எலி விட்னி செய்த ஜின் வேலையைக் குறைத்தது, ஆகவே அடிமைகளின் தேவையும் குறைந்திருக்கும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். நியாயமான ஊகம்தான். கையால் ஒரு நாளில் ஒரு பவுண்டு சுத்தம் செய்த இடத்தில் ஜின் 50 பவுண்டு செய்தது. ஆனால் அது விதைக்கவில்லை, களை எடுக்கவில்லை, பறிக்கவில்லை. கொட்டை நீக்கும் முடிச்சு அவிழ்ந்ததும், கடலோரம் தாண்டி உள்நாட்டிலும் விளையும் குட்டை இழைப் பருத்தி லாபமாகிவிட்டது. பறிக்கும் கைகளுக்கான வெறி கூடியது. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை 1790இல் சுமார் 7 லட்சம். 1830இல் 20 லட்சம். 1808இலேயே வெளிநாட்டு அடிமை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன்பின் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களில் குடும்பங்களைப் பிரித்து அலபாமா, மிசிசிப்பிப் பக்கம் விற்றார்கள். 1790 முதல் 1860 வரை இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். சார்லஸ் பாலின் பகுதியை இந்த இடத்தில், சத்தம் போட்டு, இடையில் நிறுத்தாமல் வாசியுங்கள்.

4. அடிமைமுறையைக் கையாளும் விதம்

இதற்குத் தனிப் பாடவேளை கிடையாது, ஏனென்றால் ஆறிலும் இது இருக்கிறது. ஆனால் செய்யக் கூடாதவற்றை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏல நாடகம் வேண்டாம். மாணவர்களை அடிமைகளாகவோ உரிமையாளர்களாகவோ நடிக்க வைக்க வேண்டாம். பரிவு வளரும் என்று நம்பித்தான் பலர் இதைச் செய்கிறார்கள், நடப்பது வேறு. சில பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சில பிள்ளைகள் காயப்படுகிறார்கள், அந்தக் காயம் ஆண்டு முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அனுபவித்தவரின் சொல்லை வாசிப்பதே போதும்.

‘தெற்கின் வாழ்க்கைமுறை’ என்று மழுப்பாதீர்கள். அதேபோல் தெற்கு வெள்ளையர் எல்லோரும் பெரும்பண்ணைக்காரர்கள் என்றும் விட்டுவிடாதீர்கள். 1830 வாக்கில் தெற்கு வெள்ளைக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அடிமைகளை வைத்திருந்தது. மீதிப் பேர் ஏன் அந்த அமைப்பைத் தாங்கிப் பிடித்தார்கள் என்ற கேள்வியை வகுப்பில் திறந்தே விடுங்கள். மூத்த மாணவர்களிடமிருந்து நல்ல பதில்கள் வரும்.

5. மூன்றாம் பாடவேளை: ஒரு கஜம் துணி

என் பார்வையில் ஆறில் மிக முக்கியமானது இதுதான். ஒரு கஜம் முரட்டு வெள்ளைத் துணியை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்துவிடுங்கள்.

அது வந்த வழியை வரைபடத்தில் கோடிட வேண்டும். தெற்கில் பறித்த பருத்தி கப்பலில் பாஸ்டனுக்குப் போகிறது. அங்கிருந்து வால்தம், 1820களில் லோவெல் நகரத்து ஆலைகள். தறியில் நிற்பவர்கள் நியூ இங்கிலாந்துப் (வடகிழக்கு மூலையின் ஆறு மாநிலங்கள்) பண்ணை வீட்டுப் பெண்கள். வேலை நாள் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். 1834இல் கூலியைக் குறைத்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோட் ஐலண்டு ஆலைகள் நெய்த மலிவு முரட்டுத் துணியில் ஒரு பகுதி, அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு உடுத்தக் கொடுக்கவென்று பண்ணைகளுக்கே திரும்பிப் போனது. அம்புக்குறி வட்டமாக முடியும். வடக்குக்கும் தெற்குக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் அந்த வட்டத்தைப் பார்த்ததும் தானாக உதிர்ந்துவிடும்.

இப்போது சுங்கவரிக் கணக்கு. 1816 சட்டம் பருத்தித் துணிக்கு 25 சதவீத வரி போட்டது. சூட்சுமம் அடுத்த வரியில் இருக்கிறது: எவ்வளவு மலிவான துணியானாலும், வரி போடும்போது அதன் விலை சதுர கஜத்துக்குக் குறைந்தது 25 சென்ட் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 10 சென்ட் துணிக்கும் 6¼ சென்ட் வரி. மாணவர்கள் சதவீதம் போடட்டும்: 62.5. முப்பது சென்ட் உயர்தர ஆங்கிலத் துணிக்கு வெறும் 25 சதவீதம்தான். அப்படியானால் இந்த விதி யாரைக் குறிவைத்தது? இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் கல்கத்தா வழியாக, நியூ இங்கிலாந்து வணிகர்கள் கொண்டுவந்த மலிவுத் துணியை. வால்தம் ஆலையின் பிரான்சிஸ் கேபட் லோவெல் இந்த விதிக்காக வாஷிங்டனில் முயன்றார். அதே நியூ இங்கிலாந்தின் கப்பல் வணிகர்களுக்கு இது நஷ்டம். நியூ இங்கிலாந்து அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் அப்போது அவர்கள் பக்கம். பாதுகாப்பு வரிகளை 1824 வரை எதிர்த்தார். முதலீடு கப்பலிலிருந்து ஆலைக்கு நகர்ந்த பிறகு, 1828இல் ஆதரித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1828 வரியை வடகிழக்கு மொத்தமும் ஆதரித்தது என்று சொல்லிவிடாதீர்கள். கச்சாக் கம்பளி, சணல், இரும்பு ஆகியவற்றுக்கும் அது வரியை ஏற்றியதால், கீழவையில் நியூ இங்கிலாந்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். மசோதா 105–94இல் நிறைவேறியது.

6. நான்காம் பாடவேளை: கால்வாயும் காணியும்

கால்வாயைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1817இல் தொடங்கி 1825இல் திறந்த எரி கால்வாய், 363 மைல், 83 மதகுத் தொட்டிகள். பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன்னுக்குச் சுமார் 100 டாலராக இருந்த கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியது. முதல் நாள் வரைபடத்தை எடுத்து, பேரேரிக் கரை விவசாயியின் மாவு இப்போது எங்கே போகும் என்று வேறு நிறத்தில் கோடிடச் சொல்லுங்கள். பழைய கோடு அழியக் கூடாது. ஒஹையோ ஆற்றங்கரைச் சரக்கு அதற்குப் பிறகும் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நிலத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1800 சட்டப்படி அரசு நிலம் வாங்கக் குறைந்தது 320 ஏக்கர், ஏக்கர் 2 டாலர், தவணை உண்டு. 1820 சட்டப்படி 80 ஏக்கர், ஏக்கர் 1.25 டாலர், ரொக்கம் மட்டும். இரண்டையும் பெருக்கினால் 640 டாலரும் 100 டாலரும். யாருக்கு வசதி, யாருக்குக் கஷ்டம் என்று பேசவிடுங்கள். மொத்த விலை குறைந்தது, கடன் நின்றுபோனது. இரண்டும் ஒரே சட்டத்தில்.

அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பதை இதே பாடவேளையில் சொல்ல வேண்டும். பலரும் பழங்குடியினரைத் தனிப் பாடமாக, 1830க்குப் பிறகு தள்ளிவைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மேற்கு வெற்றிடமாக மாணவர் மனதில் தங்கிவிடுகிறது. இந்த மூன்று தேதிகளைக் கோத்துக் காட்டுங்கள்: 1814 ஃபோர்ட் ஜாக்சன் ஒப்பந்தத்தில் க்ரீக் மக்கள் சுமார் 2.3 கோடி ஏக்கரை இழந்தார்கள்; 1817இல் மிசிசிப்பி மாநிலமானது; 1819இல் அலபாமா. பறித்த நிலம் பருத்தி நிலமாக ஐந்தே ஆண்டுதான் பிடித்தது. பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்ப வழிசெய்த 1830 அகற்றல் சட்டம் கீழவையில் 102–97 என்று நூலிழையில்தான் நிறைவேறியது என்பதையும், செரோக்கி மக்கள் தங்கள் எழுத்திலும் ஆங்கிலத்திலும் இதழ் நடத்தி வாதாடினார்கள் என்பதையும் ஆவணத்தோடு காட்டுங்கள்.

7. ஐந்தாம் பாடவேளை: 24 மாநில செனட்

1821 ஆகஸ்டில் மிசூரி சேர்ந்தபின் மாநிலங்கள் 24. மாணவருக்கு ஒரு மாநில அட்டை. மூன்று கூட்டமாக உட்கார வையுங்கள்.

வடகிழக்கு ஒன்பது: மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு, கனெக்டிகட், நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா. தெற்கு ஒன்பது: டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா. மேற்கு ஆறு: ஒஹையோ, இண்டியானா, இல்லினாய், கென்டக்கி, டென்னசி, மிசூரி.

அட்டைக்கு இரண்டு வாக்கு. ஆக 18, 18, 12. பெரும்பான்மைக்கு 25 வேண்டும். எவரும் தனியாக வெல்ல முடியாது; எந்த இரண்டு கூட்டம் சேர்ந்தாலும் வெல்லலாம். இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று தீர்மானங்கள்: சுங்கவரியை உயர்த்துவது, சாலைக்கும் கால்வாய்க்கும் மத்திய அரசுப் பணம், அரசு நிலத்தின் விலையைக் குறைப்பது. எட்டு நிமிடம் பேரம், பிறகு வாக்கெடுப்பு. மூன்றையும் ஒன்றாக முன்வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக வைத்தால் விட்டுக்கொடுத்து வாங்க இடமில்லாமல் பேரமே நடக்காது. இதில்தான் புதிய ஆசிரியர்கள் தவறுகிறார்கள்.

இரண்டு நிமிடத்தில் வடகிழக்கும் தெற்கும் மேற்கின் மேசையைச் சுற்றி நிற்கும். கென்டக்கி அரசியல்வாதி ஹென்றி கிளேயின் ‘அமெரிக்க முறை’ இதுதான்: மேற்குக்குச் சாலை, வடகிழக்குக்கு வரி. 1830 ஜனவரியில் ஹெய்னும் வெப்ஸ்டரும் மோதிய புகழ்பெற்ற விவாதமும் மேற்கு நில விற்பனையை மட்டுப்படுத்தும் ஒரு தீர்மானத்தில்தான் தொடங்கியது. தென் கரோலினாவின் ஹெய்ன் எழுந்தது மிசூரியின் பென்டனுக்குத் தோள்கொடுக்க. பேரம் பேசி முடித்த மாணவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

8. ஆறாம் பாடவேளை: மேற்கு இரண்டாகும் இடம்

அதே இருக்கைகள். இந்த முறை பேரம் இல்லை. மனிதர்களின் விடுதலை பேரப் பொருளாக வகுப்பில் நடிக்கப்படக் கூடாது. வரைபடமும் ஆவணமும் மட்டும்.

அடிமைமுறையை ஒழிக்க எந்தச் சட்டமும் போடாத மாநிலங்கள் ஒரு பக்கச் சுவருக்கு, நியூயார்க்கைப் போல் படிப்படியாக ஒழித்துவந்தவை உட்பட மற்றவை எதிர்ச் சுவருக்கு என்று சொல்லுங்கள். வடகிழக்கும் தெற்கும் அப்படியே பிரியும். மேற்கின் ஆறு பேர் எழுந்து, ஒஹையோ, இண்டியானா, இல்லினாய் ஒரு பக்கமும், கென்டக்கி, டென்னசி, மிசூரி மறுபக்கமும் நடப்பார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நேற்று ஒன்றாக நின்று பேரம் பேசியவர்கள் இன்று எதிரெதிரே. அந்தக் கணத்தில் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

பிறகு கதையைச் சொல்லுங்கள். 1819இல் மிசூரியில் அடிமைமுறையைக் கட்டுப்படுத்த நியூயார்க்கின் கீழவை உறுப்பினர் டால்மட்ஜ் கொண்டுவந்த திருத்தம், அந்த ஆண்டு முடிவில் அலபாமா சேர்ந்ததும் இரு பக்கமும் 11–11 மாநிலங்கள், 1820இல் மெய்னைச் சேர்த்துச் சமன் செய்தது, லூசியானா நிலப்பரப்பில் மிசூரி நீங்கலாக 36°30' கோட்டுக்கு வடக்கே தடை.

கால்ஹூன் கேள்விக்கு இப்போது திரும்பலாம். 1816இல் பிரிட்டனோடு நடந்த போர் முடிந்த சூடு, நாட்டுப் பாதுகாப்பு, தெற்கிலும் ஆலை வரலாம் என்ற நம்பிக்கை. 1819 நிதி நெருக்கடிக்குப் பின் பருத்தி விலை சரிந்தது: 1818 வாக்கில் பவுண்டுக்கு 30 சென்ட் அளவில் இருந்தது, 1820களின் பிற்பாதியில் 10 சென்டை ஒட்டி. ஆலையும் வரவில்லை. வரி போட வலுவுள்ள மத்திய அரசு நாளை அடிமைமுறையிலும் கை வைக்கலாம் என்ற அச்சம், பாதிக்கு மேல் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் வாழ்ந்த தென் கரோலினாவில் மற்ற இடங்களைவிடக் கூடுதல். 1832 நவம்பரில் அந்த மாநிலம் வரிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தபோது வேறெந்தத் தென் மாநிலமும் சேரவில்லை. 1833 மார்ச்சில், வரி வசூலிக்கப் படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் படைச் சட்டமும் வரிக் குறைப்பும் ஒரே நாளில் கையெழுத்தாயின.

9. அட்டவணையும் மதிப்பீடும்

இப்போது மூன்று கட்டம் போடலாம். ஆனால் நான்காவதாக ஒரு பத்தி வேண்டும்: ‘இந்த வட்டாரத்துக்குள் யார் ஒத்துப்போகவில்லை?’ கப்பல் வணிகர், கென்டக்கி, தென் கரோலினாவோடு சேராத ஜார்ஜியா என்று அது நிரம்பும்.

‘வடக்கையும் தெற்கையும் ஒப்பிடுக’ என்று வினா வைக்காதீர்கள். பட்டியல்தான் திரும்பி வரும். வெப்ஸ்டரோ கால்ஹூனோ நிலைமாறியதை விளக்கச் சொல்லுங்கள். பத்து மதிப்பெண்ணில் பொருளாதாரக் காரணத்துக்கு 3, அடிமைமுறையோடு உள்ள தொடர்புக்கு 3, ஒரு எண்ணோ ஆவணமோ சான்றாகக் காட்டினால் 2, வட்டாரத்துக்குள் இருந்த எதிர்க்குரலைச் சொன்னால் 2.

ஐந்து பாடவேளைதான் கிடைத்தால் கால்வாயை முதல் நாளோடும், நிலத்தை இரண்டாம் நாளோடும் சேர்த்துவிடுங்கள். துணிப் பாடத்தையும் 24 மாநில செனட்டையும் சுருக்கக் கூடாது. ஆறாம் பாடவேளையில் சுவருக்கு நடக்க இடம் வேண்டும் என்பதால், முந்தைய நாள் மாலையே மேசைகளை நகர்த்தி வையுங்கள்.